சீட்டில் ஒரு மாத்திரை, கவரில் ஒரு மாத்திரை

மருந்தாளுநர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் நான் கேட்கும் முதல் கேள்வி இது. டாக்டர் சீட்டில் வாந்திக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். அது உங்களிடம் தீர்ந்துவிட்டது. வாந்திக்கு வேறு மாத்திரை கைநிறைய இருக்கிறது. எதிரே வரிசை வாசல்வரை நிற்கிறது. என்ன செய்வீர்கள்?

பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். இருப்பதைக் கொடுத்து அனுப்புவார்களாம். ஒரு சிலர் மட்டும், இந்த அம்மா ஏதோ வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறது என்று வாயைத் திறக்காமல் நிற்பார்கள். அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். சந்தேகப்படத் தெரிந்தவர்கள் இந்த வேலைக்கு ஆவார்கள்.

மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் இருப்பதைக் கொடுத்து அனுப்பியவள்தான். அதில் என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் மாறி மாறி முப்பத்தொரு வருடம் மருந்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அடக்கமாகப் பேச எனக்கு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் திருமானூர் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் தெருவில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பணி முடிந்த பிறகும் கோட்டைக் கழற்றாமலே பஸ் ஏறுவேன். வேர்த்துக் கொட்டும். கொட்டட்டும், தெருவில் நாலு பேர் பார்க்க வேண்டாமா?

என் கை வேகம் அந்தக் காலத்தில் பேச்சாகவே இருந்தது. ஓ.பி. நேரத்தில் மற்றவர்கள் ஒரு சீட்டைப் படித்து முடிப்பதற்குள் நான் மூன்று பேரை அனுப்பிவிடுவேன். என் ஜன்னலிலிருந்து யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்குத் தனி சந்தோஷம். என்னைக் கவிழ்த்ததும் அந்தச் சந்தோஷம்தான்.

அரியலூர் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனை. எது என்று சொல்லப் போவதில்லை, அங்கே இப்போது நன்றாகத்தான் வேலை நடக்கிறது. மருந்தகத்துக்குத் தலைமை மருந்தாளுநர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், என் பெரியண்ணன் வயது. எங்கள் இருவர் பொறுப்பிலும்தான் அந்த மருந்தகம். அவர் அலமாரி அடுக்கிய முறை, நோயாளி வாயில் என்ன சொல்கிறாரோ அந்த முறை. காய்ச்சல் ஒரு தட்டு, சளி ஒரு தட்டு, சுகர் ஒரு தட்டு. ஜன்னலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் இடத்தில், ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா. அதன்மேல் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, ‘வாந்தி’ என்று மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கும். வாந்தியை நிறுத்துகிற எல்லா மாத்திரையும், ஊசி மருந்தும் அந்த ஒரே டப்பாவில் குடியிருந்தன.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இப்போதும் சில இடங்களில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மாத்திரை அட்டையைத் தேவைக்கு ஏற்ற மாதிரிக் கத்தரிப்போம். மூன்று, நாலு என்று வெட்டி, சின்ன வெள்ளைக் காகிதக் கவரில் போட்டு, மேலே காலை, மதியம், இரவு என்று கோடு கிழித்துக் கொடுப்போம். மாத்திரையின் பெயர் அட்டையின் ஓரத்தில்தான் அச்சடித்திருக்கும். அந்த ஓரம் பெரும்பாலும் எங்களிடமே தங்கிவிடும். வாங்கிப்போகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்பதுதான்.

டாக்டர் எழுதியது தீர்ந்துபோனால் அதே தட்டிலிருந்து பக்கத்து மாத்திரையைக் கொடுப்பதை ‘மாத்திக் குடுக்கறது’ என்போம். சட்டப்படி சீட்டை டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். டாக்டர் அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். அங்கேயும் ஒரு வரிசை. காய்ச்சலோடு வந்தவரை இரண்டு வரிசையில் நிறுத்துவானேன் என்று நாங்களே இரக்கப்பட்டுக்கொள்வோம். எங்கள் சோம்பலுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் இரக்கம்.

ஒரு திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். செந்துறை பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். பெயர் தேன்மொழி. பத்தொன்பது வயது. நல்ல உயரம், கருத்த, உறுதியான உடம்பு. ஆனால் அன்றைக்கு நிற்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் பாடாலூரில் சித்தி வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, விடிய விடிய வாந்தி. அப்பா செல்வராசு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். லாரியை ஓரமாக விட்டுவிட்டு வந்திருப்பதாகவும், கொஞ்சம் சீக்கிரம் பார்க்கும்படியும் கேட்டார்.

சீட்டில் டாக்டர் ஒண்டான்செட்ரான் எழுதியிருந்தார். அது காலையிலேயே தீர்ந்திருந்தது. என் கை நீல டப்பாவுக்குள் போனது, மெட்டோகுளோப்ரமைடு அட்டை அகப்பட்டது. அதுவும் வாந்திக்குத்தான். வெட்டினேன், ஒன்பது மாத்திரை கவரில் போட்டேன், மூன்று வேளைக்குக் கோடு கிழித்தேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. செல்வராசு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைவாகவே இருந்தது.

மறுநாள் அதே நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கூட்டம் விலகியது. செல்வராசும் இன்னொரு ஆளும் தேன்மொழியைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்குள் ஓடினார்கள். என் ஜன்னலிலிருந்து அந்த அறையின் கதவு நேராகத் தெரியும். கையில் இருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

அவள் கழுத்து வலப்பக்கமாகத் திருகி, தாடை தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்கள் இரண்டும் மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரிந்தது. நாக்கு வாய்க்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கூட வந்த சித்தி, விடியற்காலையில் ஓடைப் பக்கம் தனியாக ஓடாதே, பேய் அடித்துவிடும் என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டாளா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கோயிலுக்குப் போக வேண்டியவளை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார் என்று செல்வராசுவையும் திட்டினாள்.

அன்றைக்கு அவசரப் பிரிவில் இருந்தவர் முந்தின நாள் சீட்டு எழுதிய அதே டாக்டர். இளைஞர், எனக்குத் தம்பி வயது, வேலைக்கு வந்து நாலைந்து மாதம். கெட்டிக்காரர். அடிபட்டதா, ஆணி குத்தியதா, பூச்சி கடித்ததா, ஏற்கனவே இப்படி வந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் செல்வராசு. என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டபோது முந்தின நாள் சீட்டை நீட்டினார். டாக்டர் தன் கையெழுத்தையே படித்துப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரை இப்படிச் செய்யாது என்று சீட்டை ஓரமாக வைத்துவிட்டார். வெள்ளைக் கவரையும் திறந்து பார்த்தார். அதில் பெயரில்லாத வெள்ளை மாத்திரை ஆறு கிடந்தது.

பிறகு புதுச் சீட்டில், வலிப்பு நோயாக இருக்கலாம், மேல்சிகிச்சைக்குத் திருச்சி அனுப்பவும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். அதைக் கேட்டதும் செல்வராசு டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், வலிப்புன்னு மட்டும் எழுதிடாதீங்க. புள்ள போலீஸ் செலக்‌ஷன்ல இருக்குது. பரீட்சை பாஸ் பண்ணிடுச்சு. இன்னும் பன்னெண்டு நாள்ல ஓட்டம், அப்புறம் மெடிக்கல். வலிப்புன்னு ஒரு சீட்டு இருந்தா எடுக்க மாட்டாங்க சார்.”

டாக்டர் குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னார். பார்த்ததை எழுதாமல் விட்டு, நாளைக்குத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கையில் இருந்த சீட்டை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது எல்லாமே சரி. தப்பு சீட்டில் இல்லை. கவரில் இருந்தது. அது அந்த மருத்துவமனையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

படிக்கும்போது ஒரே ஒரு பத்தியில் படித்தது, பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது, அப்போது வரிவரியாக ஞாபகம் வந்தது. இளம் வயதினர், அதிலும் பெண்கள். மருந்து ஆரம்பித்த ஓரிரு நாளில். கழுத்து திருகும், கண் மேலே ஏறும், நாக்கு தள்ளும். நினைவு தப்பாது. அந்தப் பத்தியின் தலைப்பு மெட்டோகுளோப்ரமைடு.

பக்கத்தில் தலைமை மருந்தாளுநர் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகச் சொன்னார்.

“அவசரப்படாத. திருச்சிக்குப் போனா அங்க பெரிய டாக்டருங்க கண்டுபுடிச்சிடுவாங்க. நாம வாயைத் தொறந்தா வேலை போயிடும், ரெண்டு பேருக்கும்.”

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவருக்குக் கல்யாண வயதில் மகள், எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. திருச்சியில் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் அதற்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் அவள் அப்படியே முறுக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். அதற்குள் ஆம்புலன்ஸ் சீட்டிலும், இங்கே பதிவேட்டிலும், அங்கே பதிவேட்டிலும் வலிப்பு என்று மூன்று இடத்தில் ஏறிவிடும். ஏறிய சொல்லை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெரிதாக யோசித்தேன் என்று பெருமைக்காகச் சொல்ல மாட்டேன். பயந்தேன். வேலை போய்விட்டால் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்றுதான் முதலில் தோன்றியது. வரிசையில் நின்ற ஒரு கிழவர் சீக்கிரம் மருந்தைக் கொடு என்று கம்பியைத் தட்டினார். இருங்க தாத்தா என்று சொல்லிவிட்டு நீல டப்பாவைத் திறந்தேன். அதிலிருந்து ஒரு ஊசி மருந்துக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தினேன். என் வேலைக் காலத்தில் ஓ.பி. நேரத்தில் நான் ஜன்னலைச் சாத்தியது அன்றைக்குத்தான்.

முதலில் தேன்மொழியிடம் போனேன். அவள் கையில் என் விரலைக் கொடுத்து, நான் பேசுவது கேட்டால் அழுத்து என்றேன். அழுத்தினாள், வலிக்கிற மாதிரி அழுத்தினாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள், பேய் என்று சித்தி சொன்னது, வலிப்பு என்று டாக்டர் சொன்னது எல்லாவற்றையும். கண்ணீர் காது ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் நின்றுவிட்டது. கோபம்தான் வந்தது, என்மேல்.

டாக்டரிடம் திரும்பிச் சொன்னேன்.

“சார், அந்தச் சீட்டை நம்பாதீங்க. நீங்க எழுதினது ஸ்டாக் இல்ல. நான் மெட்டோகுளோப்ரமைடு மாத்திக் குடுத்தேன். மூணு மாத்திரை உள்ள போயிருக்கு.”

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

“சின்னப் பொண்ணுங்கறதாலதான் மேடம் நான் அதை எழுதவே இல்ல” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் படித்த படிப்பு, என் கை வேகம், வெள்ளைக் கோட்டு எல்லாம் கீழே விழுந்துவிட்டன. அவர் யோசித்து எழுதியிருந்தார். நான் யோசிக்காமல் கொடுத்திருந்தேன். வாந்திக்கு இத்தனை மருந்து இருக்கும்போது ஒன்றை விட்டு ஒன்றை ஒருவர் எழுதுகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

புரோமெதசின் ஊசி இருக்கிறதா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் உள்ளங்கையைத் திறந்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது. நர்ஸ் ஊசி போட்டார். சுவரில் கடிகாரம். நான் அதையும் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் போனதும் நாக்கு உள்ளே போனது. பிறகு கண் இறங்கியது. கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து நேருக்கு வந்தது. அவள் முதலில் செய்தது, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்ததுதான். பிறகு குழறிக் குழறி ஒரே கேள்வி கேட்டாள்.

“அக்கா, நான் ஓடலாமாக்கா?”

ஓடலாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, டாக்டரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு நாள் கழித்து ஓடு என்றார். செல்வராசு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவள் கழுத்தைத் திருகிய மருந்தும் நீல டப்பாவில்தான் இருந்தது. திருகலை அவிழ்த்த மருந்தும் அதே டப்பாவில்தான் இருந்தது. இரண்டும் வாந்தி மருந்து. வாந்தி என்று ஒட்டிய ஒரே பிளாஸ்டருக்குள் ஒன்றுக்கொன்று எதிர்வேலை செய்கிற ஆட்களை நாங்கள் ஒன்றாகப் பூட்டி வைத்திருந்தோம்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும், டாக்டர் நேர்மையானவராக இல்லாமல் இருந்திருந்தால். வலிப்பு என்பதை அடித்துவிட்டு, மருந்தின் பக்கவிளைவு என்று எழுத அவர் தயார். ஆனால் எந்த மருந்து என்று எழுத வேண்டும். அவர் கையெழுத்திட்ட சீட்டில் இருப்பது வேறு மருந்து. கவரில் பெயர் இல்லை. எதை ஆதாரமாக வைத்து எழுதுவது என்று கேட்டார். நாளைக்கு மெடிக்கல் போர்டில் இந்தச் சீட்டைக் காட்டினால், ஒண்டான்செட்ரானுக்கு இப்படி வருமா, இது வலிப்புதான், அப்பன் காலில் விழுந்து மாற்றி எழுதி வாங்கியிருக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் நான் எழுதித் தருகிறேன் என்றேன். தலைமை மருந்தாளுநர் என்னை வெளியே கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினார். பெண் பிழைத்துவிட்டாள், வாயால் ஒப்புக்கொண்டாயிற்று, எழுத்தில் கொடுத்தால் அது மேலே போகும், போனால் மெமோ வரும் என்றார். எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். உள்ளே வந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். இன்ன தேதியில், இன்ன சீட்டுக்கு, மருத்துவர் எழுதிய மருந்து இருப்பில் இல்லாததால், அவரைக் கேட்காமல், நான் என் பொறுப்பில் இன்ன மருந்தைக் கொடுத்தேன். கீழே பெயர், பதவி, கையெழுத்து. ‘என் பொறுப்பில்’ என்று நான் எழுதியதால் தலைமை மருந்தாளுநர் தப்பினார். அதையும் தெரிந்தேதான் எழுதினேன். டாக்டர் அதைப் பதிவேட்டில் ஒட்டி, அதன் நகலைச் சீட்டோடு சேர்த்துச் செல்வராசு கையில் கொடுத்தார்.

மறுநாளே நீல டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினேன். என் பழைய பாடப் புத்தகத்தை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன். நோயாளி என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு, மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பிரித்தேன். மூளையில் வாந்தியைக் கிளப்புகிற இடத்துக்குச் செய்தி பல வழியில் போகிறது. ரத்தத்தில் கலந்த நச்சு ஒரு வழி, குடல் ஒரு வழி, காதுக்குள் இருக்கிற சமநிலை ஒரு வழி. ஒவ்வொரு வழியையும் அடைக்க ஒவ்வொரு வகை மருந்து. இது புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான், அலமாரியில் யாரும் வைத்துப் பார்த்ததில்லை.

முதல் டப்பா, செய்தி கொண்டுபோகிற ரசாயனங்களில் டோபமினைத் தடுக்கிற வகை. மெட்டோகுளோப்ரமைடு, டோம்பெரிடோன், புரோகுளோர்பெரசின். அதன்மேல் சிவப்பு மையில், வயது கேள் என்று எழுதினேன். இரண்டாவது செரட்டோனினைத் தடுக்கிற ஒண்டான்செட்ரான் வகை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது இல்லாமல் முடியாது, கடைசி அட்டையை அவர்களுக்கென்று எடுத்து வை. மூன்றாவது ஹிஸ்டமினைத் தடுக்கிற வகை. பஸ்ஸில் வாந்தி எடுப்பவருக்கும், இதிலேயே சிலது மாசமாக இருக்கிற பெண்களுக்கும். தூக்கம் வரும், டிரைவரா என்று கேள். நாலாவது அசிடைல்கோலினைத் தடுக்கிற ஹையோசின் வகை. எப்போதாவதுதான் வரும். வயதானவருக்குச் சிறுநீர் தடையுண்டா என்று கேள். ஐந்தாவது, டெக்சாமெதசோன் மாதிரித் துணைக்குப் போகிறவை. சுகர் இருக்கிறதா என்று கேள்.

ஒவ்வொரு டப்பாவிலும் மருந்துப் பெயருக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது, அதுதான் என் கைவேலை. கேள்வி கேட்காமல் கை உள்ளே போகக் கூடாது. டப்பா காலியானால் பக்கத்து டப்பாவுக்குத் தாவக் கூடாது, சீட்டு முற்றத்தைத் தாண்டி டாக்டரிடம் போக வேண்டும். அட்டையை வெட்டினால் பெயரைக் கவர்மேல் பேனாவால் எழுத வேண்டும். என் வேகம் பாதியாகக் குறைந்தது. வரிசையில் நின்றவர்கள், இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு, முன்னே மிஷின் மாதிரி கொடுக்குமே என்றார்கள். தலைமை மருந்தாளுநர், படிச்ச படிப்பையெல்லாம் அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறாள் என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு ஒருநாள் நான் லீவு முடிந்து வந்து பார்த்தால், வலி மாத்திரைத் தட்டையும் அதே மாதிரிப் பிரித்து வைத்திருந்தார்.

அந்த ஐந்து டப்பா முறையைப் பார்த்துவிட்டுப் பெரம்பலூர் பக்கமிருந்து இரண்டு மருத்துவமனைக்காரர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஆமாம், பெருமையாகத்தான் இருக்கிறது. ஏன் இருக்கக் கூடாது?

மெமோவும் வந்தது. விளக்கம் கேட்டார்கள், நான் வெள்ளைத்தாளில் எழுதியதையே திரும்ப எழுதினேன். சக ஊழியர் ஒருவர், மருந்துப் பெயர் ஒரே மாதிரி இருந்ததால் குழம்பிவிட்டேன் என்று எழுதச் சொன்னார், தண்டனை குறையுமாம். இரண்டு பெயரும் எந்தக் குருடருக்கும் ஒரே மாதிரித் தெரியாது என்று சொல்லிவிட்டேன். கடைசியில் கண்டனம் என்று உத்தரவு வந்தது. பணிப் பதிவேட்டில் ஏறியது. அன்றைக்கு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தேன்மொழி ஓட்டத்தில் தேறினாள். மெடிக்கல் போர்டில் இதுவரை வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் மறைக்கவில்லை. இல்லை, ஆனால் இப்படி ஒன்று நடந்தது என்று சொல்லி, சீட்டையும் என் தாளின் நகலையும் எடுத்து நீட்டியிருக்கிறாள். போர்டில் இருந்த டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, இதை அந்த அம்மாவே எழுதிக் கொடுத்ததா என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் என் போனுக்குக் கூப்பிட்டாள்.

“அக்கா, மெடிக்கல்ல பாஸுன்னு போட்டுட்டாங்கக்கா. அப்பா லாரிய நிறுத்திட்டு ரோட்டுலயே நின்னு அழுவுறாரு. நீங்க எங்க வூட்டுக்கு ஒரு தடவை வரணும்.”

போனேன். கோட்டோடு போனேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் ஓய்வு பெற்றபோது, ஓய்வூதியத்துக்காகப் பணிப் பதிவேட்டைச் சரிபார்க்க ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கிளார்க் மரியாதை தெரிந்த பையன். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவன் கண்டனம் ஏறிய பக்கம் வந்ததும் சட்டென்று இரண்டு பக்கமாகச் சேர்த்துத் தள்ளினான். என் மனசு நோகக் கூடாது என்று நினைத்திருக்கிறான். இது ரொம்பப் பழசுங்க மேடம், பென்ஷனுக்கு ஒன்றும் பாதிப்பு வராது, கவலைப்படாதீங்க என்றான்.

திருப்பச் சொன்னேன். அந்த வரியை வாய்விட்டுப் படிக்கவும் சொன்னேன். மருத்துவர் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறு மருந்து வழங்கியதற்காகக் கண்டிக்கப்படுகிறார் என்று தயங்கித் தயங்கிப் படித்தான். முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு கண்டனம். தேன்மொழியின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனால் அந்தச் சொல் என் பதிவேட்டில் ஏறியதால்தான் வலிப்பு என்ற சொல் அவள் பதிவேட்டில் ஏறவில்லை. அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு மேடம் என்றான். என் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.